கடலோரத்து இரண்டாவது சர்வர்

"மூணு வருஷமா வாரத்துக்கு மூணு நாளு வந்துகினு கீறேன். என்னியப் பாத்து பேரு இன்னான்னு கேக்குறியே?"

டயாலிசிஸுக்கு வந்த ஒருவர் எங்கள் கவுன்ட்டரில் நின்று இப்படிக் கேட்டார். கோபம் இல்லை அவர் குரலில். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் கையில் ஒரு வெள்ளைத் தாளோடு திருதிருவென்று விழித்தாள். நான் அவளுக்குப் பின்னால், செத்துப்போன ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

எங்கள் மருத்துவமனை செங்கல்பட்டில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு ரத்தத்தைச் சுத்திகரிப்பதுதான் அங்கே முக்கிய வேலை. மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில், ஈ.சி.ஆர். சாலையோரம் ஒரு சின்னக் கிளையும் உண்டு. இரண்டு இடத்துக் கணினிகளையும் பார்த்துக்கொள்வது நான் ஒருத்திதான். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் நெல் போடுகிற குடும்பத்தில் பிறந்து, தபால் வழியில் கணினிப் பட்டம் வாங்கி, இதே கவுன்ட்டரில் பெயர் தட்டச்சு செய்கிற வேலைக்குச் சேர்ந்தவள். சர்வர் என்றால் என்ன என்பதை, அது கெட்டுப்போகும்போதெல்லாம் கூப்பிட ஆள் இல்லாததால், நானே கற்றுக்கொண்டேன்.

அன்றைக்கு நோயாளிகளின் விவரமெல்லாம் இருந்த அந்த ஒரே சர்வர் நின்றுபோனதால் ஒன்றரை நாள் எங்களுக்கு யாரையும் தெரியவில்லை. யாருக்கு எவ்வளவு எடை, யாருக்கு எந்தக் கையில் ஊசி போட வேண்டும், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எல்லாவற்றையும் திரும்பக் கேட்டோம். பேக்கப் இருந்தது. ஆனால் முந்தின நாள் பிரதி சரியாக ஏறாததால் அது இரண்டு நாள் பழையது. அந்த இரண்டு நாளில் ஒரு அம்மாவுக்குப் புது மருந்தில் உடம்பெல்லாம் தடித்திருந்ததைக் குறித்து வைத்திருந்தோம். பேக்கப்பில் அந்தக் குறிப்பு இல்லை. வார்டு நர்சுக்கு அது நினைவிருந்ததால் தப்பித்தோம். ஒருத்தியின் ஞாபகத்தை நம்பி ஒரு ஆஸ்பத்திரி நின்றது என்பது எனக்கு அவமானமாக இருந்தது.

அந்த வாரமே பெரிய டாக்டரிடம் போனேன். மருத்துவமனை அவருடையது. எதையும் பொறுமையாகக் கேட்பார், சீக்கிரத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"இன்னொரு சர்வர் வேணும் சார். இங்க என்ன எழுதினாலும் ஒண்ணு ரெண்டு செகண்டுல அதுலயும் எழுதிக்கும். இது படுத்துட்டா அத எழுப்பி வேலைய ஓட்டலாம்."

"தினமும் பேக்கப் எடுக்கறோமே?"

"பேக்கப்புன்றது நேத்து எடுத்த போட்டோ சார். இது நெழல் மாதிரி கூடவே வரும்."

"சரி, பக்கத்து ரூம்ல வை."

"பக்கத்து ரூம்ல வச்சா இங்க தீப்பிடிச்சா அதுவும் எரியும். நம்ம பிராஞ்சுல வைக்கலாம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கடலோரத்துல? புயல் வந்தா முதல்ல அங்கதான் அடிக்கும். பத்திரமா இருக்கணும்னு சொல்லிட்டு அலைக்குப் பக்கத்துல கொண்டு போய் வைக்கறேங்கற."

"புயல்ல அது போச்சுன்னா இது இருக்கும் சார். இங்க ஏதாவது ஆச்சுன்னா அது இருக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கெட்டது ஒரே நாள்ல வரக்கூடாது, அவ்ளோதான்."

அரை மனதோடு சம்மதித்தார்.

கிளையின் பொறுப்பு நர்ஸ் என் வயதுக்காரி. சட்ராஸ் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவள், அண்ணன்மார் இருவரும் இன்றைக்கும் கடலுக்குப் போகிறவர்கள். எல்லாரையும் போல நானும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்னை அக்கா என்பாள். நான் சர்வரை ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கியபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாக்கா இது, ஏற்கெனவே எட்டு மெஷினு கீது, இது ஒம்பதாவதா?"

"இது பேஷன்ட்டுக்கு இல்ல சிஸ்டர். செங்கல்பட்டு சர்வருக்கு ஏதாவது ஆனா அதுக்கு."

"அதுக்கும் டயாலிசிஸா?" என்றாள். பிறகு முதல் மாடியில் மருந்து வைக்கிற அறையில் ஒரு மூலையை அவளே காலி செய்து கொடுத்தாள்.

கடற்காற்று என்ன செய்யும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். ஆறாவது மாதம் விசிறி சுற்றவில்லை. திறந்தால் திருகெல்லாம் செந்துரு. கேபிள் முனையில் பச்சை பூத்திருந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"உப்புக்கா. எங்க வூட்ல ஃபேனு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துவோம். இந்த ஜன்னல அடைச்சிட்டு ஏசி போட்டுடு. வாரத்துக்கு ஒரு நாளு நான் தொடச்சி வைக்கிறேன்."

ஜன்னலை அடைத்தோம். ஏசி வந்தது. விசிறியை மாற்றினேன். அவள் சொன்னபடி வாரா வாரம் துடைத்தாள். மெஷினைத் துடைக்கிற அதே ஒழுங்கோடு, ஒரு மூலை விடாமல்.

எனக்கு என் வேலையின் மேல் ரொம்ப நம்பிக்கை அப்போது. செங்கல்பட்டில் என் மேஜையிலிருந்தே பார்த்துக்கொள்ள ஒரு வலைப்பக்கம் செய்து வைத்திருந்தேன். இரண்டு சர்வரும் எத்தனை நொடி இடைவெளியில் இருக்கின்றன என்று அது காட்டும். எப்போது பார்த்தாலும் பூஜ்ஜியம். பச்சை நிறத்தில் பெரிய பூஜ்ஜியம். அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பது எனக்கு ஒரு சுகமாக இருந்தது.

ஒரு நாள் காலை சிஸ்டர் போன் செய்தாள்.

"அக்கா, இந்த டப்பால சும்மா ஒரு பேஷன்ட்ட தேடிப் பாத்தேன். போன வாரம் புச்சா சேந்தாரே, கோவளத்து பாய், அவரு இதுல இல்லியே."

"இருப்பாரே சிஸ்டர். பேரு சரியா போட்டீங்களா?"

"பேரும் போட்டேன், நம்பரும் போட்டேன். அவரு இல்ல. அவருக்கு அப்பறம் வந்தவங்களும் யாரும் இல்ல."

நான் என் வலைப்பக்கத்தைப் பார்த்தேன். பச்சைப் பூஜ்ஜியம். பிறகு கடலோரச் சர்வருக்குள் போய்க் கையால் தேடினேன். அவள் சொன்னதுதான் சரி. ஒன்பது நாளாக அங்கே ஒரு வரிகூடப் போய்ச் சேரவில்லை. இணைப்பு அறுந்திருந்தது. என் வலைப்பக்கமோ கடைசியாகப் பார்த்த எண்ணையே பிடித்துக்கொண்டு, எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஒன்பது நாளில் செங்கல்பட்டு சர்வர் போயிருந்தால், நான் டாக்டருக்குக் கொடுத்த வாக்கு வெறும் பேச்சாகியிருக்கும்.

அன்று மதியத்துக்குள் சரிசெய்துவிட்டேன். ஆனால் சாயங்காலம் வரை என் முகம் சரியாகவில்லை. சிஸ்டருக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

"நான் கவனிச்சிருக்கணும் சிஸ்டர். நீங்க பாக்கலன்னா தெரிஞ்சே இருக்காது."

"நாங்க பிரஷர் மெஷினு காட்டுறத அப்டியே நம்ப மாட்டோம்க்கா. சந்தேகம் வந்தா கையால நாடி புடிச்சிப் பாப்போம். இதுக்கும் அப்டி ஒண்ணு வச்சிக்கோயேன்."

வைத்துக்கொண்டோம். மறுநாளிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு நான் செங்கல்பட்டு சர்வரில் ஒரு வார்த்தை எழுதுவேன். அவள் கடலோரச் சர்வரில் அதைப் படித்து எனக்கு போனில் சொல்ல வேண்டும். முதலில் காய்கறிப் பெயர்களாக எழுதினேன். பத்து நாளில் அவளுக்கு அலுத்துவிட்டது. "மீனா எழுதுக்கா, படிக்கிறதுக்காவது நல்லா இருக்கும்" என்றாள். எங்கள் வீட்டில் மீன் சமைப்பது அரிது. எனக்குத் தெரிந்த பெயர்கள் ஒரு வாரத்தில் தீர்ந்துபோயின. ஒரு நாள் வேறு வழியில்லாமல் திமிங்கலம் என்று எழுதினேன்.

"அது மீனே இல்லக்கா" என்றாள். அன்று அவளே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். சங்கரா, கிழங்கான், காரப்பொடி, கொடுவா, சீலா, பாறை என்று ஒரு மாதத்துக்குத் தேவையான பட்டியல்.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, டயாலிசிஸ் இல்லாத நாளில், ஒத்திகையும் பார்த்தோம். செங்கல்பட்டு சர்வரை வேண்டுமென்றே நிறுத்துவேன். கடலோரத்தில் இருப்பதை முதன்மையாக்கி வேலையை அதற்கு மாற்றுவேன். வார்டில் எல்லாரும் மொபைல் இன்டர்நெட்டில் அதைத் திறந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பேஜார் எதற்கு என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள். முதல் தடவை நாற்பது நிமிடம் ஆனது. கடவுச்சொல் எழுதிய கோப்பு நின்றுபோன சர்வருக்குள்ளேயே இருந்தது. அடுத்த தடவைக்கு அதை அச்சடித்துச் சுவரில் இருந்த பூட்டிய பெட்டியில் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் இப்படி ஒரு முட்டாள்தனம் கண்ணில் படும். ஒவ்வொன்றாக ஒழித்தோம்.

பிறகு அந்த மழை வந்தது.

இரண்டு நாளாக விடாமல் பெய்தது. ஏரி நிரம்பி, வாய்க்கால் கொள்ளாமல், தண்ணீர் தெருவுக்கு வந்திருந்தது. முழங்கால் தண்ணீரில் நடந்து வேலைக்கு வந்தேன். காலை ஒன்பதரை மணிக்கு எலக்ட்ரீசியன் ஓடி வந்தார். நிதானமான மனிதர், எதற்கும் ஓடாதவர்.

"மேடம், பின்னாடி சொவரு வழியா சர்வர் ரூமுக்குள்ள தண்ணி வந்துகினு கீது."

சர்வர் அறை தரைத்தளத்தில், மருந்துக் கடைக்குப் பின்னால். மாடிக்கு மாற்ற வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததுதான், இடம்தான் கிடைக்கவில்லை. போய்ப் பார்த்தேன். தரையில் பழுப்புத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. யூ.பி.எஸ். பேட்டரிகள் ஒரு சாண் உயர இரும்பு ஸ்டாண்டின் மேல் இருந்தன.

"உள்ள போவாதீங்க. தண்ணி பேட்டரிய தொடுறதுக்குள்ள நான் கரண்ட்ட கட் பண்ணியாவணும். அப்பறம் ஏன் பண்ணேன்னு கேக்கக் கூடாது" என்றார் அவர்.

"எத்தினி நேரம் இருக்கு?"

தண்ணீரைப் பார்த்தார். "பத்து நிமிஷம். அதுக்கு மேல நான் கேரண்டி இல்ல."

முதல் மாடிக்கு ஓடினேன். லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தபோது பெரிய டாக்டர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நான் எல்லாத் தளத்துக்கும் மைக்கில் சொல்லச் சொன்னேன், கணினியில் யாரும் எதுவும் எழுதாதீர்கள் என்று. பிறகு நானே வாசலை அடைத்தேன், இனி சர்வரில் புதிதாக எதுவும் ஏறாதபடி. சிஸ்டருக்கு போன் போட்டேன்.

"சிஸ்டர், இது ஒத்திகை இல்ல. நெசம்."

"சொல்லுக்கா" என்றாள்.

"கடைசி வரி நம்பர் இன்னா வந்திருக்கு, படிங்க."

அவள் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். நான் என் திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். எல்லாம் சரி, கடைசி இலக்கம் மட்டும் மூன்று குறைந்தது. "திரும்பப் படிங்க" என்றேன். மழையில் இணைப்பு மெதுவாகியிருந்தது. அவள் திரும்பப் படித்தபோது ஒன்று குறைந்தது. மூன்றாவது தடவை படித்தபோது இரண்டும் ஒன்றாக இருந்தன.

செங்கல்பட்டு சர்வரை அணைக்கக் கட்டளை கொடுத்தேன். என் திரையில் இணைப்பு போய்விட்டது. ஆனால் இணைப்பு போனதற்கும் சர்வர் அணைந்ததற்கும் வித்தியாசம் உண்டு. அது அரை உயிரோடு இருந்து, கீழே யாராவது ஒருவர் அதிலே எழுத, கடலோரத்தில் இன்னொருவர் இன்னொன்றில் எழுத, ஒரே நோயாளிக்கு இரண்டு விதமான கணக்குகள் உண்டாகிவிட்டால் எது உண்மை என்று யாராலும் சொல்ல முடியாது. தரவு தொலைவதைவிட எனக்கு அதுதான் பயம். அதனால் அடுத்த கட்டளையைத் தட்டாமல் எலக்ட்ரீசியனுக்கு போன் செய்தேன்.

"அணைஞ்சிடுச்சா? லைட்டு ஏதாவது எரியுதா?"

"எல்லா லைட்டும் போயிடிச்சி மேடம். மெயினையும் ஆஃப் பண்ணிட்டேன்."

"யூ.பி.எஸ்.?"

"அதையுந்தான்."

"கொஞ்சம் எட்டிப் பாத்துட்டு நெட்வொர்க் ஒயரையும் புடுங்கிட்டு சொல்லுங்கண்ணே."

டாக்டர் முதல் தடவையாக வாய் திறந்தார். "எல்லாம் ஆஃப்னு சொல்லிட்டாரே, இன்னும் எதுக்குக் காத்திருக்க?"

"ரெண்டு தலை ஆயிடக் கூடாது சார்" என்றேன்.

"புடுங்கிட்டேன் மேடம்" என்று குரல் வந்தது. அதன் பிறகுதான் மொபைல் இன்டர்நெட் வழியாகக் கடலோரத்துச் சர்வரை முதன்மையாக்கினேன். ஒரே ஒரு வரிக் கட்டளைதான். அதைத் தட்டி முடித்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன், வேர்த்திருந்தது. சிஸ்டருக்குத் திரும்ப போன் போட்டேன். அவள் ஒரு பெயரைத் திறந்து, ஒரு வரி எழுதி, சேமித்துப் பார்த்தாள்.

"எழுதுதுக்கா. நல்லா எழுதுது."

இரண்டாவது மாடி வார்டில் ஒரு நர்ஸ் தன் மொபைலில் அதே பெயரைத் திறந்தாள். அந்த வரி அங்கே இருந்தது. ஆரம்பித்ததிலிருந்து பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது. அறையில் யாரும் கை தட்டவில்லை, அவரவர் வேலைக்குப் போனார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். டயாலிசிஸுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரம் எங்களுக்குத் தரைத்தளத்தில். அதுவும் நின்றுவிட்டது. அன்றும் மறுநாளும் டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டியவர்கள் பதினொரு பேர். தள்ளிப்போட முடியாத வைத்தியம் அது. கிளையில் தண்ணீர் நிற்கவில்லை, மணல் மேடு. அங்கே மின்சாரமும் இருந்தது. டாக்டர் வேனை எடுக்கச் சொன்னார். நானும் ஏறிக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் வழியாக, இரண்டு இடத்தில் சாலை தெரியாத தண்ணீரில், டிரைவர் மெதுவாக ஓட்டி வந்தார். வழக்கமான நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆனது.

நாங்கள் போய் இறங்குவதற்குள் சிஸ்டர் பதினொரு பேரின் விவரங்களையும் படித்து முடித்திருந்தாள். யாருக்கு எந்த மெஷின் என்று முடிவாகியிருந்தது. பதினொரு பேரில் ஒருவருக்கு ரத்தத்தில் காமாலைக் கிருமி உண்டு. அவருக்கு மற்றவர்களோடு ஒரே மெஷினைப் பயன்படுத்தவே கூடாது. அதை வேனில் வந்த யாரும் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லும்படி ஆகவும் இல்லை. அவருக்கான தனி மெஷின் தனி அறையில் தயாராக இருந்தது.

வேனிலிருந்து இறங்கிய ஓர் அம்மா, மறைமலைநகரில் இட்லிக் கடை வைத்திருப்பவர், சிஸ்டரை அதற்கு முன் பார்த்ததே இல்லை. சிஸ்டர் அவரைப் படுக்க வைத்து நேராக வலக் கையைப் பிடித்தாள்.

"இந்தக் கைதானேம்மா. போன தபா இடது கைல போட்டு வீங்கிடிச்சி இல்ல?"

"உனக்கு எப்டிமா தெரியும்?"

"நீங்க வரதுக்கு முன்னாடியே உங்க சமாச்சாரம் எல்லாம் வந்திடிச்சி" என்றாள் சிஸ்டர். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். உடம்பைத் தளர்த்தி, பயமில்லாமல் படுத்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலையை ஒரு முகத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் பெருமைப்பட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அன்றும் மறுநாளும் பதினொரு பேருக்கும் நல்லபடியாக முடிந்தது.

தண்ணீர் வடிய ஐந்து நாள் ஆனது. செங்கல்பட்டில் பழைய சர்வர் தப்பவில்லை. புதியதை வாங்கி, இந்தத் தடவை இரண்டாவது மாடியில் வைத்தோம். இடம் உடனே கிடைத்தது. கடலோரத்தில் இருந்ததை எல்லாம் அதற்குப் பிரதி எடுத்து, இரண்டையும் சேர்த்து ஓடவிட்டேன். எல்லாம் நிலைக்கு வந்ததும் டாக்டர் கேட்டார்.

"எப்ப திரும்ப இங்க மாத்தற?"

"மாத்த வேணாம் சார். அது நல்லா ஓடுது. இது அதுக்குத் துணையா இருக்கட்டும். காரணம் இல்லாம மாத்தறதும் ஒரு ஆபத்துதான்."

யோசித்தார். "கடலோரத்துல வேணாம்னு சொன்னது நான்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

சிஸ்டருக்குச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்போ செங்கல்பட்டு எங்களுக்கு பிராஞ்சாக்கா?"

சில மாதம் கழித்து வேறு ஊர் மருத்துவமனை ஒன்றிலிருந்து நான்கு பேர் எங்கள் ஏற்பாட்டைப் பார்க்க வந்தார்கள். கிளைக்கு அழைத்துப்போனேன். நான் பேச ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்தி சிஸ்டரைப் பேசச் சொன்னேன். அவள் யூனிஃபார்மோடு, கையுறையைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். உப்பைப் பற்றிச் சொன்னாள். ஒன்பது நாள் ஏமாந்ததை மறைக்காமல் சொன்னாள். பழையது நிஜமாகவே அணைந்ததா என்று ஒரு ஆள் போய்ப் பார்த்த பிறகுதான் புதியதை எழுப்ப வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னாள். வந்தவர்களில் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டே, "நீங்க கம்ப்யூட்டர் சயின்ஸா மேடம்?" என்று கேட்டார்.

"நர்சிங்கு சார்" என்றாள். "ரெண்டுத்துலயும் பேஷன்ட்ட பாக்காம ஸ்கிரீன பாத்தா தப்பாயிடும்."

அவர்கள் போன பிறகு சர்வர் அறைக் கதவில் ஒட்டியிருந்த நடைமுறைத் தாளைப் புதிதாக அச்சடித்தேன். பொறுப்பாளர்கள் என்ற இடத்தில் அதுவரை என் பெயர் ஒன்றுதான் இருந்தது. அவள் பெயரை முதலில் போட்டு, என் பெயரை அதற்குக் கீழே போட்டேன். அவள் அதைப் படித்தாள். டேப்பை வாங்கி, நான்கு மூலையும் தூக்காதபடி அழுத்தி ஒட்டினாள்.